உள்ளே விட்ட துணி

செர்ரிப் பூ பார்க்கப் போகும் இடத்தில் குளிர் வாட்டியெடுக்கும் என்று தையல்காரர் தன் மனைவிக்குக் கம்பளிக் கோட்டு ஒன்று தைத்தார். அதற்குள் அவள் நோயில் விழுந்தாள். ஒவ்வொரு வசந்தத்திலும் பயணம் தள்ளிப்போனது. அவளும் துரும்பாய் இளைத்தாள். அவரும் கோட்டைப் பிடித்துப் பிடித்துத் தைத்தார். உள்ளே மடங்கிய துணியை மட்டும் வெட்டவில்லை. உடம்பு தேறினால் தையலைப் பிரித்துவிட்டால் போயிற்று!

இந்த வருடம் டிக்கெட்டே எடுத்தாயிற்று. கோட்டைப் போட்டுப் பார்த்தவள் விலாவைத் தடவினாள்.

“உள்ள இருக்கிற துணி உறுத்துதுங்க. வெட்டிடுங்க.”

“வெட்டிட்டா அப்புறம் பெருசாக்க முடியாதேம்மா.”

“தெரியும். பூ பாக்குற வரைக்கும் உறுத்தாம இருந்தா போதும்.”

கத்தரிக்கோல் எங்கே என்று அவர் அவளிடமே கேட்டார். அது அவர் கையில்தான் இருந்தது.