மிளகாய்மேல் போட்ட பழி

மிளகாய் அரைக்கிற இடத்தில் தும்முகிறவனை யாரும் நோயாளி என்று சொல்வதில்லை. தாடிக்கொம்பு சாலையில் மாவு மில் வைத்திருக்கும் அந்தோணிராஜுக்கு இதைவிடப் பாதுகாப்பான தொழில் அமைந்திருக்காது. அரைக்க வருகிறவர்களும் தும்முவார்கள், அவரும் தும்முவார். அவர்கள் தூள் வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் நிறுத்திவிடுவார்கள். அவர் நிறுத்த மாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

மில்லுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையும் தும்முவார். மாதா கோயில் பூசையில் எல்லோரும் தலைகுனிந்து அமைதியாக நிற்கும் நேரம் பார்த்து ஏழெட்டு வரிசையாக வரும். கேட்டால் சாம்பிராணி என்பார். மச்சினன் வீட்டில் தும்மினால் வைக்கோல், பஸ்ஸில் தும்மினால் பக்கத்து சீட்டுக்காரர் போட்டிருக்கும் பவுடர். உலகத்தில் உள்ள அத்தனை பொருள்மேலும் பழி போடுவார். தன் மூக்கை மட்டும் ஒருவரும் ஒரு சொல் சொல்லக் கூடாது. "நாப்பத்தெட்டு வயசாச்சு, ஒரு மாத்திரை முழுங்குனதில்ல" என்று மில்லுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் மார்தட்டுவார்.

இந்தப் பெருமையால் யாருக்கும் நட்டமில்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் காலேஜில் படிக்கும் மகள் ஏஞ்சலினுக்கு இளைப்பு உண்டு. பனி இறங்கினால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கும். இன்ஹேலர் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டாள். அவள் மூச்சுக்கு அல்லாடும்போதெல்லாம், "எங்க பக்கம் யாருக்கு இருக்கு? எல்லாம் கன்னிவாடி ரத்தம்" என்பார் அந்தோணிராஜ். கன்னிவாடி அவர் மனைவி அன்புக்கரசி பிறந்த ஊர். முதலில் அவள் சண்டை போட்டாள். பிறகு கேட்டும் கேட்காததுபோல் இருந்தாள். கடைசியில் நம்பிவிட்டாள். மகள் முதுகைத் தடவிக்கொடுக்கும்போது, பெற்ற பிள்ளைக்கு நான் செய்த சீர் இதுதானா என்று நினைத்துக் கண் கலங்குவாள்.

ஒரு ஞாயிறு மதியம் தமிழ்மதி என்ற பெண், விவரம் பதிவதற்குக் கையில் தொடுதிரை டேப்போடு வந்தாள். மதுரையில் உள்ள ஒரு ஆராய்ச்சிக் குழுவுக்காக வீடு வீடாகப் போகிறவள். இளைப்பு, ஒவ்வாமைத் தும்மல், தோல் அரிப்பு இதெல்லாம் குடும்பத்தில் எப்படி இறங்கி வருகிறது என்று பார்க்கிறார்களாம். வீட்டில் மூன்று பேரும் ஆளுக்கொரு சின்னக் குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தார்கள்.

"எச்சிலைப் பாத்தா மரபணு தெரியும்ணே. உங்களுக்குத் தும்மல் வருமா, இளைப்பு இருந்துச்சான்னு அது சொல்லாது. அத நீங்கதான் சொல்லணும். தனியா உக்காந்து சொன்னா நல்லது," என்றாள்.

தனியாக இருப்பது என்று ஒரு ஏற்பாடு அந்தத் தெருவில் கிடையாது. அவள் பேசி முடிப்பதற்குள் வாசலில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் எதிர்வீட்டு மாயம்மாள்.

"அடிக்கடி தும்மல் வருமாண்ணே?"

"இல்ல," என்றார் அந்தோணிராஜ்.

"ஏன் தம்பி, நீ தும்முற சத்தத்துலதான நான் எந்திரிச்சு அடுப்பே பத்த வைக்கிறேன்," என்றாள் மாயம்மாள்.

"அது மிளகா."

"விடியக்காலம் எவன் மிளகா அரைக்கிறான்?"

வாசல் சிரித்தது. தமிழ்மதியும் சிரித்தாள், ஆனால் விரல் டேப்பில் இறங்கவில்லை. "நீங்க சொல்றத நான் போட முடியாதும்மா. அவரு வாயால வரணும். ஏண்ணே, சின்ன வயசுல இளைப்பு ஏதும்?"

"இல்லவே இல்ல."

இதற்கு அந்தத் தெருவில் சாட்சி கிடையாது. அவர் நத்தத்தில் வளர்ந்தவர். மற்றப் பிள்ளைகள் ஓடியாடும்போது ஓரமாக உட்கார்ந்திருந்ததும், மூச்சு கிடைக்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவருக்கும் இறந்துபோன அவர் அம்மாவுக்கும் மட்டுமே தெரியும். வளர வளர இளைப்பு விட்டுவிட்டது. பெண் பார்க்கக் கன்னிவாடிக்குக் கிளம்பியபோது, "அத மட்டும் வாயத் தொறந்து சொல்லிராத அப்பு" என்றாள் அம்மா. வேறு எதில் அம்மா பேச்சைக் கேட்டாரோ இல்லையோ, இதில் கேட்டார்.

அடுத்து அன்புக்கரசியின் முறை. தனக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

"உங்க அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்களுக்குக்கா?"

"இருக்குன்னு போட்டுக்கம்மா."

"யாருக்குக்கா?"

அன்புக்கரசி யோசித்தாள். அப்பா, அம்மா, இரண்டு அண்ணன்மார் என்று விரலை மடக்கிப் பார்த்தாள். "யாருக்குன்னு தெரியல. நான் பாத்ததில்ல. ஆனா எங்க வீட்டு ரத்தந்தான். எம்புள்ளைக்கு நாந்தான் குடுத்துட்டேன்."

வாசலில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏஞ்சலின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தோணிராஜுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. விளையாட்டாகவும் கோபமாகவும் சொல்லிச் சொல்லி, இல்லாத ஒரு நோயை இவள் குடும்பத்தின்மேல் ஏற்றிவிட்டோமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"என் பதில அழிச்சிரும்மா," என்றார். "தும்மல் தெனமும் உண்டு. மிளகா இல்லாமயும் உண்டு. சின்னப் பிள்ளையில இளைப்பும் இருந்துச்சு. எம்மவளுக்கு வாரதவிடக் கூடுதலாவே."

தமிழ்மதி ஒவ்வொன்றாகத் திருத்தினாள்.

"அவ சொன்னதையும் மாத்திரும்மா. கன்னிவாடியில யாருக்கும் கெடையாது."

"அத நீங்க சொல்ல முடியாதுண்ணே," என்றாள் தமிழ்மதி. "அக்காதான் சொல்லணும்."

எல்லோரும் அன்புக்கரசியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கணவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல," என்றாள்.

"சரிக்கா, போட்டுட்டேன்."

"இருக்கட்டும்மா," என்று எழுந்து வாசலுக்கு வந்தாள். மாயம்மாளுக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அவளைப் பார்த்து, கன்னிவாடிக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொன்னாள்.