மிளகளவு உருண்டைக்குள் கேட்ட சத்தம்

"நாலு மணிக்கு உன்னைப் பொண்ணு பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்கடி! இன்னைக்கும் அந்த மெஷின்கிட்டதான் போவியா?"

"நாளைக்குக் காலைல அந்தக் குழந்தைக்கு ட்ரீட்மென்ட் அக்கா. நான் அளந்து பார்த்துச் சொல்லலைன்னா..."

"போ! அந்த மெஷினையே கட்டிக்கிட்டு அழு!"

கதவு படீரென்று மூடியது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. எதிர்வீட்டில் இருந்தால் காது என்ன செய்யும்? இனி சொல்வது கதை இல்லை, நடந்தது. பாதி அக்கா சொன்னது. மீதி, தங்கையின் வாயைக் கிண்டி நானே பிடுங்கியது.

அந்தத் தங்கைக்கு எங்கள் மாடியில் 'மில்லிமீட்டர்' என்று பெயர். செருப்பைக்கூட நூல் பிடித்து வைப்பாள். புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கதிர்வீச்சை அளப்பது வேலை. அதுவும் எவ்வளவு சின்ன இடத்தில்! கருவி ஒரு மிளகளவு உருண்டை. அதற்குள் துளி வாயுவை அடைத்தால், உடம்பின் ஒரே ஓர் உயிரணு மாதிரி நடிக்குமாம். கதிர் கடித்தால் ஸ்பீக்கரில் 'டிக்' என்று கேட்கும். கதிர் போய் நிற்கும் இடத்தில்தான் கடி அதிகம். அந்தக் குழந்தைக்குக் கட்டி கண் நரம்பை ஒட்டி இருந்தது. கடி நரம்பில் விழுந்தால் பார்வை போச்சு.

ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் ஈ காக்கை இல்லை. ஜன்னல் இல்லாத அறை. பகலும் இரவும் அங்கே ஒன்றுதான். நோயாளி படுக்கும் மேஜையில், தலைக்குப் பதிலாகத் தண்ணீர்த் தொட்டி. அதில் உருண்டையை இறக்கினாள். வெளியே வந்து, கனத்த கதவை மூடி, திரைமுன் உட்கார்ந்தாள். கதிரை இன்னும் திறக்கவில்லை.

டிக்.

ஒயர் கோளாறு என்று நினைத்து மாற்றினாள்.

டிக்... டிக்.

"உனக்குமா என்மேல கோபம்?" என்றாள் வாய்விட்டு.

சத்தம் நின்றது. காது கொடுப்பது போல நின்றது.

பேசினாள். அக்காவின் வசவு, தனியாகச் சாப்பிடும் மதியங்கள், கூப்பிட ஆளில்லாத போன்... நடுநடுவே ஒரு 'டிக்', 'ம்' கொட்டுவது மாதிரி. இத்தனை வருடம் என்னிடம் மூச்சு விடாததையெல்லாம் ஓர் உருண்டையிடம் கொட்டியிருக்கிறாள், பாருங்கள்!

பிறகு வேலை. டாக்டர் குறித்துக் கொடுத்த இடங்களிலெல்லாம் அளவு சரியாக இருந்தது. கதிரை மூடினாள். திரைமுன் இருந்தபடியே பொத்தானை அழுத்தி உருண்டையை நகர்த்தினாள்.

டிக் டிக் டிக் டிக்...

பின்னால் நகர்த்தினால் சத்தம் குறைந்தது. முன்னால் நகர்த்தினால் கூடியது. குறித்த இடத்தைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர். அங்கே ஒரே இரைச்சல்.

கதிர் மூடித்தான் இருந்தது.

கேமராவைப் பார்த்தாள். தொட்டித் தண்ணீர் அசைந்தது. யாரோ மூச்சு விடுவது போல... ஏறி... இறங்கி...

"அங்கேயா?"

டிக்.

அந்த இடத்தில் கதிரைத் திறந்தாள். எண் ஏறியது. இருக்கவேண்டியதைப் போல மூன்று மடங்கு.

கண் நரம்பு போகும் வழி அது.

டாக்டருக்குப் போன் போட்டாள். "நாளைக்கு வேண்டாம் டாக்டர்."

"குறிக்காத இடத்தை ஏம்மா அளந்தே?"

"வேற யாரையாவது விட்டு இன்னொரு தடவை அளக்கச் சொல்லுங்க டாக்டர்" என்றாள்.

மறுநாள், அவளோடு வேலை பார்ப்பவர் மறுபடி அளந்தார். அதே இடம், அதே எண். கதிரின் பாதையை மாற்றினார்கள். குழந்தை இன்று கண்ணாடிகூட இல்லாமல் படிக்கிறது.

ஆனால் அளக்கத் தொடங்கும்போதே அவர் கேட்டாராம்: "ஏம்மா, நேத்து வாயுவே அடைக்கலையா? உருண்டைக்குள்ள அழுத்தம் சைபர்ல நிக்குது."

சண்டை போட்ட வேகத்தில், பழைய வாயுவை உறிஞ்சி எடுத்தவள் புதியதை அடைக்க மறந்திருக்கிறாள். உருண்டைக்குள் ஒன்றுமே இல்லை. கதிரே கடித்தாலும் அதிலிருந்து 'டிக்' என்று வர வழியில்லை.

அன்று நாலு மணிக்கு வந்த மாப்பிள்ளை, வீட்டில் இருந்த அக்காவையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எங்கள் மாடிக்கு ஒரு மாதம் வாய்க்கு அவல். தங்கை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஓர் ஒற்றை அறைக்குக் குடி போனாள். சாமான் ஏற்றும்போது விடாமல் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமைகூட அங்க எதுக்கும்மா போறே?"

"நான் போகலைன்னா கீழ அந்த அறையில அவங்க தனியா இருப்பாங்களே, ஆன்ட்டி."