அரை மில்லிமீட்டர் டைமண்டு

போன வாரம் கொல்லங்கோட்டில் ஒரு கடையில் செல்போனைச் சரிசெய்யக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் சால்டரிங் கம்பியைப் பசையில் தொட்டு எடுத்ததும் குப்பென்று புகை வந்தது. "அண்ணா, தள்ளி நில்லுங்க, மூக்குல ஏறும்" என்றார். நான் தள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போய் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள், என் முதல் வேலையின் வாசனை அது.

டிப்ளமோ முடித்தவுடன் எனக்கு வேலை கிடைத்தது பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் செய்கிற பட்டறையில். பொம்மை என்று சொன்னால் முதலாளிக்குக் கோபம் வரும். 'மாடல்' என்று சொல்ல வேண்டும். நெல்வயலைத் தம்பியிடம் விட்டுவிட்டு, நெல் கிடங்கையே பட்டறையாக மாற்றிய மனிதர் அவர். வெளிநாட்டில் பெரியவர்கள் வீட்டுக்குள் மலை, ஊர், ஸ்டேஷன் எல்லாம் கட்டி ரயில் விடுவார்களாம், அவர்களுக்கு நாங்கள் தண்டவாளம் அனுப்பினோம். இதை என் பெரியப்பாவுக்கு விளக்கியபோது, "ஊட்டுக்குள்ளயா? அதுல ஆரு ஏறிப் போறது?" என்று கேட்டார்.

நான் கம்ப்யூட்டரில் வரைந்து, காகிதத்தில் அச்செடுத்துக் கொடுப்பேன். பெண்கள் அதைப் பலகையில் ஒட்டி, கோட்டின்மேல் தண்டவாளத் துண்டுகளை வைத்துச் சால்டரிங் கம்பியால் பற்றவைப்பார்கள். நேர் பாதை, வளைவு என்று செய்துகொண்டிருந்தவர்களுக்கு ஒருநாள் ஐம்பது டைமண்டுக்கு ஆர்டர் வந்தது. இரண்டு பாதைகள் ஒன்றையொன்று சாய்வாகக் கடக்கிற இடம்தான் டைமண்டு. நடுவில் வைரம் மாதிரி ஒரு கட்டம் விழும். ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் கடக்கிற இடத்தில் சக்கரத்தின் விளிம்பு நுழைந்துபோக ஒரு சந்து விட வேண்டும். சங்கதியே அந்தச் சந்தில்தான் இருக்கிறது.

என் அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேன். அதனால் ரயிலைப் பற்றி எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை என்று ஒரு திமிர். அப்பாவோடு ஸ்டேஷனுக்குப் போனேன், நிஜத் தண்டவாளங்கள் கடக்கிற இடத்துச் சந்தை டேப் வைத்து அளந்தேன். எங்கள் மாடல் நிஜத்தில் எண்பத்தேழில் ஒரு பங்கு. வகுத்தால் அரை மில்லிமீட்டர் வந்தது. அரை என்றே வரைந்தேன். மாடல்காரர்கள் பட்டுத் தெரிந்து எழுதிவைத்த அளவுகள் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடந்தன. ஒன்றையும் பார்க்கவில்லை. கேங்மேன் மகனுக்கு எவனோ அளவு சொல்வதா?

தங்கமணி என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், கேரள எல்லையோரக் கோபாலபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மாமியாரிடம் மல்லுக்கட்டி வேலைக்கு வந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். முதல் டைமண்டை முடித்ததும், அச்சோடு கூடிய ஒரு ஜோடிச் சக்கரத்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"ஏனுங் சார், சந்து பத்தலீங்க. சக்கரம் மேல ஏறுதுங்க."

நான் திரையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "டிராயிங்ல இருக்கறத செய்ங்க, போதும்."

"செரிங்க" என்று போய்விட்டாள். அவள் சரி என்றால் சரி என்று அர்த்தமில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை முதலாளி சோதிக்க வந்தார். ஓட்டிப் பார்க்கிற எஞ்சின் ரிப்பேருக்குப் பாலக்காடு போயிருந்ததால், அரை மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பித்தளைத் தகட்டைச் சந்துகளில் விட்டுப் பார்த்தார். மற்றவர்கள் செய்த முப்பத்தெட்டிலும் தகடு கச்சிதமாக நின்றது. தங்கமணி செய்த பன்னிரண்டிலும் லொடலொடவென்று ஆடியது.

"இதென்ன, கொசு போற சந்து கேட்டா கொக்கு போற சந்து வெச்சிருக்கு?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார். "டிராயிங் சரிதானே?"

"சரிதானுங்க" என்றேன். தலையை வேறு ஆட்டினேன்.

தங்கமணி என்னை ஒருதரம் பார்த்தாள். பன்னிரண்டும் கழிவுப் பெட்டிக்குப் போயின. "திங்கக்கெழமையிலிருந்து வரண்டாம்" என்றார் முதலாளி. அவள் சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை எஞ்சின் வந்தது. முதலாளி ஊரில் இல்லை. 'கச்சிதமான' டைமண்டு ஒன்றை எடுத்து ஓட்டினேன். எஞ்சின் சந்தில் ஏறித் துள்ளி மல்லாந்தது. இன்னொன்றை வைத்தேன். அதிலும் கவிழ்ந்தது. ஐந்தாவதும் கவிழ்ந்தபோது எஞ்சினைத் திட்டினேன், ரிப்பேர் செய்தவனைத் திட்டினேன். பிறகு ஏனென்று தெரியவில்லை, கழிவுப் பெட்டியைத் திறந்து தங்கமணியுடையதில் ஒன்றை வைத்தேன். எஞ்சின் டக்டக்கென்று கடந்து, எதுவும் நடக்காததுபோல அந்தப் பக்கம் போனது. பன்னிரண்டிலும் போனது.

சக்கரத்தைக் கழற்றி அளந்து பார்த்தேன். மாடல் சக்கரத்தின் விளிம்பு, நிஜத்தைச் சுருக்கினால் வருவதைவிடத் தடிமன். அதற்கு ஒரு மில்லிமீட்டராவது வேண்டும். அவள் சக்கரத்தை உருட்டிப் பார்த்து, போகிற வரைக்கும் அரத்தால் அராவியிருக்கிறாள்.

உங்களிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் வந்தது நல்ல யோசனை அல்ல. திங்கட்கிழமை அளவைத் திருத்தி, 'புது டிராயிங்' என்று கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? நான் வேலையில் சேர்ந்து மூன்றே மாதம். ஆனால் அவள் பார்த்த அந்த ஒரு பார்வை நெஞ்சில் முள்ளாய் நின்றது. முதலாளிக்குப் போன் செய்தேன்.

"டிராயிங்தான் தப்புங்க. தங்கமணி செஞ்சது மட்டுந்தான் ஓடுது."

"நேத்து சரின்னு தலையாட்டுனது ஆரு?"

"நாந்தானுங்க."

"அப்ப நீயே போய்க் கூட்டிட்டு வா. மிச்சம் முப்பத்தெட்டையும் உன்ற கையால அராவிக் குடு. அப்பறம் உன்ற வேலையப் பத்திப் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை கோபாலபுரம் போனேன். மாமியார்தான் வாசலுக்கு வந்தார். "கைவேல செரியில்லீன்னு தொரத்திப்போட்டு, இப்ப எதுக்குங்க வந்தீங்க?"

"தப்பு என்னுதுங்கம்மா. அவங்க செஞ்சதுதான் சரி."

மாமியார் உள்ளே திரும்பிப் பார்த்தார். தங்கமணி மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"படிச்சவங்க நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டறீங்க. என்ற பேச்சு எங்கீங்க எடுபடும்?"

நாளையிலிருந்து வேலைக்கு வரும்படி கேட்டுக்கொண்டேன். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ அவள் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் போய் நின்றேன். பஸ்ஸிலிருந்து எல்லோரும் இறங்கி, கண்டக்டர் விசிலும் ஊதியபிறகு, பின்வாசலில் சோற்றுப் பாத்திரம் தெரிந்தது. அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சை அதற்குப் பிறகு, கல்யாணத்திலும் விடவில்லை, மகள் பிறந்தபோதும் விடவில்லை.

நான்கு நாள் அராவினேன். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. தங்கமணி ஒவ்வொன்றிலும் சக்கரத்தை உருட்டிப் பார்த்து, "இன்னொரு இழுப்பு இழுங்க" என்று திருப்பிக் கொடுப்பாள். முப்பத்தெட்டாவதை உருட்டிவிட்டு, "இப்பச் செரிங்க" என்றாள். அந்தச் 'செரி' நிஜமான சரி.

அந்தப் பட்டறை இப்போது இல்லை. அங்கே மாட்டுத்தீவனம் விற்கிறார்கள். நான் டேப் வைத்து அளந்த மீட்டர் கேஜ் பாதையும் இல்லை. பெயர்த்துவிட்டு அகலப்பாதை போட்டுவிட்டார்கள். தங்கமணி பொள்ளாச்சியில் சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துகிறாள், மாமியார்தான் பட்டன் தைக்கிறாராம். அந்த டிராயிங்கை நானே வெந்நீர் அடுப்பில் போட்டேன். ஐம்பது டைமண்டும் கப்பலேறி எந்தெந்த வீட்டுக்கோ போய்விட்டன. அவற்றில் ஒன்றுகூட என் அளவில் இல்லை.