தாடைக் கட்டு

"சின்ன வயசுல இந்தத் தாடை உடைஞ்சுதா? இந்தப் பக்கம் வளர்ச்சியே நின்னுபோயிருக்கே" என்று பெங்களூரில் முக எலும்பு வளர்ச்சியை ஆராயும் டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துக் கேட்டார். உடனே என் மூக்கில் பச்சை முட்டை நாற்றம் ஏறியது.

அப்போது நாங்கள் இருந்தது தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கான சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடு. அம்மா பிரசவத்துக்குப் பூதிகோட்டை போயிருந்தாள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, நான் வடித்த சோறு குழைந்துவிட்டதென்று டிபன் கேரியரால் முகத்தில் அடித்தார். அத்தை முட்டை வெள்ளையில் உளுத்தமாவைக் குழைத்துப் பூசி, துணியால் இறுக்கிக் கட்டினாள்.

"யாராச்சும் கேட்டா பல்லு வலின்னு சொல்லு, இன்னா?"

வளர வளர முகம் கோணியது. "அவங்கம்மா ஜாடை" என்றார் அப்பா. அம்மா சாகும்வரை தன் முகத்தையே நொந்துகொண்டாள்.

டாக்டரம்மாவின் அறைக்கு வெளியே வந்தேன். அப்பா உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"எலும்பு கூடிக்கிச்சாம். ஒடச்சது யாருன்னு கேக்கறாங்க. உள்ள வந்து சொல்லுங்க."