நாலாம் பிறைக் கட்டம்

சான்பாடாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேத்தி கிரீம் பிஸ்கட்டுகளைப் பிரித்து, கிரீமைக் கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டித் தட்டில் வட்டமாக அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறை வளர்வதும் தேய்வதுமாம். பள்ளிக்கூடத்தில் செய்துவரச் சொன்னார்களாம். சுரண்டியதெல்லாம் அவள் வாய்க்குள் போனது. தட்டிலிருந்த கீற்றுப் பிறையைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அறுபதுகளில் தாராவியில் நான்காம் வகுப்பு படித்தேன். நான் படித்ததே அவ்வளவுதான். டீச்சர் மாட்டுங்காவிலிருந்து வருவார். ஒருநாள் ஜன்னல்களைச் சாத்தி, பல்பை எரியவிட்டு, சுண்ணாம்பு பூசிய ரப்பர் பந்தை என் கையில் கொடுத்தார். பல்புதான் சூரியன், பந்து நிலா, என் தலைதான் பூமி. கையை நீட்டியபடி மெல்லத் திரும்பினேன். பந்தில் வெளிச்சம் கீற்றாகப் பிறந்து, பாதியாகி, முழுசானது. என் மண்டைக்கும் ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

பிறகு ஆளுக்கொரு அட்டை, பதினைந்து கட்டங்கள். தினம் சாயங்காலம் நிலாவைப் பார்த்து வரைய வேண்டும். பார்க்காமல் வரைந்தால் தனக்குத் தெரிந்துவிடும் என்றார் டீச்சர். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை, பயந்தேன்.

மூன்றாம் பிறையை அம்மாவே வாசலில் நின்று கும்பிட்டாள். மறுநாள் பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்திவிட்டாள். நாலாம் பிறை கண்ணில் பட்டால் கெடுதல் என்பது ஊரிலிருந்து கூடவே ரயிலேறி வந்த பயம்.

“ஏட்டி, அண்ணாந்து பாத்தியோ, தோல உரிச்சிருவேன்.”

ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் டீச்சர். நான் கண்டுபிடித்த வழி, தம்பி. நாலு வயது. விவரம் தெரியாதவன் பார்த்தால் ஒட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா குழாயடிக்குப் போன சமயம் அவனை வெளியே தள்ளிவிட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே நின்றேன்.

“யக்கா, வெட்டிப்போட்ட நகம் மாதிரி இருக்கு. எடுத்துட்டு வரவா?”

அப்படியே வரைந்தேன். ஏழாவது கட்டத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்டபோது இடது கால் நிற்கவில்லை. இளம்பிள்ளை வாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை, அம்மாவுக்குக் கைக்குழந்தை. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு வைத்தியத்துக்குப் போக நான்தான் இருந்தேன். படிப்பை நிறுத்தியபோது அழவில்லை. நியாயம்தான் என்று தோன்றியது.

அது நிலாவால் வரும் நோயல்ல என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, மனசுக்குப் புரியவில்லையே.

தம்பி வளர்ந்து குர்லாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தான். அவன் தலை நரைத்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. கடை ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக்கூடக் கீழே வைக்கவில்லை அவன்.

“நிலாவா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லியேக்கா. நீ தூக்கிட்டுப் போனதுதான் ஞாபகம். பஸ்ல நமக்கு எப்பவும் சீட்டு கெடைக்கும்லா.”

நினைவில் இல்லாததை எப்படி மன்னிப்பான்? போன மழைக்காலத்தில் அவனும் போய்விட்டான். அம்மா இல்லை, டீச்சர் இல்லை, அந்தச் சந்தும் இல்லை. அவன் அண்ணாந்து நின்ற சாயங்காலம் இப்போது என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. உன்னால் ஒன்றும் இல்லை என்று சொல்ல, அதைப் பார்த்தவர் வேறு யாருமில்லை.