தெர்மோந்தே குடும்பத்துக்குப் பூர்வீகம் எழுதிய கதை

கண்டியில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து படிவம் நிரப்பிக் கொடுக்கும் என் தொழிலில், ஆட்கள் தடுமாறாமல் பதில் சொல்லும் ஒரே கேள்வி, ஆணா பெண்ணா என்பதுதான். படிவங்களோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்றரைப் பேர்

ரொனால்ட் தெர்மோந்தே ஐரோப்பிய வம்சாவளிப் பறங்கியர். ஓய்வுபெற்ற ரயில்வே கார்ட். மலைநாட்டு ஸ்டேசன்களில் காலம் தள்ளியதால் தமிழ் தண்ணீராக வரும். ஒரு நாள் வந்து, தன் பரம்பரை வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார். பெயர் பிரெஞ்சுப் பெயர் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே மகள் ஷெர்லினுக்குக் கலகெதரப் பக்கத்துத் தமிழ்ப் பையனைப் பேசியிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பூர்வீகம் கேட்பார்களே என்று பயம். அதைவிடப் பெரிய பயம், மகள் கல்யாணத்தோடு பெயரும் முடிந்துவிடுமே என்பது.

உலகத்தில் மொத்தம் எத்தனை தெர்மோந்தே என்று கேட்டேன். விரலை மடக்கினார்.

“நான், மனுசி, மகள். ஒஸ்ரேலியாவுல தம்பி ஒருத்தன், அவன் பேரைப் பாதியா வெட்டிட்டான். மூன்றரைன்னு போடு, மச்சான்.”

திகன பேக்கரி

திகனயில் அதே பெயரில் ஒரு பேக்கரி இருப்பதாக யாரோ சொல்ல, ரொனால்ட் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இருவரும் பஸ் ஏறினோம். போர்டு உண்மைதான். கல்லாவில் தொப்பி போட்ட முதலாளி. ரொனால்ட் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொந்தம் விசாரித்தார். முதலாளி எங்களை உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் விஷயத்தை உடைத்தார்.

“கடய வாங்கின நேரம் போர்டும் சேந்து வந்திச்சி ஐயா. பாண் நல்லா விக்கிற பேர ஏன் மாத்தணும்?”

பல் பிடுங்கியவர்

பிறகு வரலாற்றை நானே பிறப்பித்தேன். முதல் தெர்மோந்தே பிரெஞ்சு ராசாவின் குதிரை வைத்தியர்; திருகோணமலையில் கப்பலைத் தவறவிட்டு, காட்டு வழியே கண்டிக்கு நடந்து வந்து, வலியால் துடித்த அரண்மனை யானைக்குப் பல் பிடுங்கியவர். அந்தப் பல் இன்றும் குடும்பத்தில் இருக்கிறது என்று எழுதப் போகையில் ரொனால்ட் என் கையைப் பிடித்தார்.

“பல்லைக் காட்டச் சொன்னா நான் எங்க போவேன்?”

பெண் பார்க்க வந்த நாள்

மாப்பிள்ளையின் தாய் பேச்சியம்மா, தேயிலைக் கொழுந்தெடுத்து மகனைப் படிக்கவைத்தவர். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு யானைவரைக்கும் வாசித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரொனால்டைப் பார்த்து, மெய்தானா என்றார். மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: பூர்வீகம் தெரியாது, யானை இவனுடையது, பெயர் தன்னோடு அற்றுப்போகிறதே என்பதுதான் கவலை. சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். பேச்சியம்மா வெற்றிலைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார்.

“எங்க பாட்டன் எந்த ஊருல இருந்து வந்தாருன்னு எங்களுக்கும் தெரியாதுங்க. எங்கள்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு கெடையாது, படிவத்துல அந்தக் கட்டம் சும்மாதான் கெடக்கு. பொறக்குற புள்ளைக்கு ஒங்க பேரயே போட்டுக்குவோம்.”

இத்தனை வருடம் கதை கட்டிப் பிழைத்தவனுக்கு, உண்மையைச் சொன்னாலும் காரியம் நடக்கும் என்று தெரியவந்தது தொழிலுக்குக் கொஞ்சம் பாதகம்தான்.