கூச்சக்காரன் கையில் மைக்

ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்டபாணியின் குரலைக் கேட்டவர்களை எல்லாம் வரச் சொன்னால், அவர்கள் உட்கார ஒரு பெஞ்சு தாராளமாகப் போதும். ஊமையும் இல்லை, திமிர் பிடித்தவனும் இல்லை. கூச்சம். ஏதோ கொஞ்சநஞ்சக் கூச்சம் என்று நினைத்துவிடாதீர்கள். அடேயப்பா, சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே ஆப்சென்ட் ஆனவன் அவன். வாத்தியார் பேர் வாசிக்கும்போது "பிரசென்ட் சார்" என்று சொல்ல வாயெடுப்பான். அதற்குள் அவர் நாலு பேர் தள்ளிப் போயிருப்பார். பையன் பள்ளிக்கே வருவதில்லை என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கண்டித்தபோது, பையன் வாத்தியாருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். வளர்ந்த பிறகும் அதே கதைதான். பஸ்ஸில் நிறுத்தச் சொல்லி ஒரு சத்தம் கொடுக்க வேண்டுமே, அது வராது. மெட்டுகுடாவில் இறங்க வேண்டியவன், வேறு யாராவது இறங்கட்டும் என்று காத்திருந்து தார்நாகாவில் இறங்கி, வந்த வழியே திரும்பி நடப்பான். தாத்தா ஜோலார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த அதே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், வீல் ஷாப்பில் அவனுக்கு வேலை கிடைத்தது. ரயில் சக்கரத்தைக் கடைசல் பிடிக்கிற இடம். அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. அவனுக்கென்றே கட்டி வைத்த மாதிரி இருந்தது.

இப்படிப்பட்டவனுக்குக் குடியாத்தத்திலிருந்து வந்து வாய்த்தவள் லலிதா. அவளோ தண்ணீர்க் குழாயோடுகூடப் பேசுவாள். வந்த மாதமே குவார்ட்டர்ஸில் எல்லா வீட்டுச் சமையலும் அவளுக்கு அத்துப்படி.

லலிதாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜப்பான்காரர்களின் மங்கா படக்கதை. அதிலும் பள்ளிக்கூடத்துக் காதல் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். போனிலேயே படிப்பாள், போனிலேயே அழுவாள். அந்தக் கதைகளில் அவள் உயிரை விடுவது கூச்சக்கார நாயகர்களுக்காகத்தான். அவளைப் போன்ற பைத்தியங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். ஒருநாள் அதில் ஒருத்தி, "வாயே திறக்காத இந்தப் பையன்களிடம் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று கேட்டுவிட்டாள். லலிதாவுக்குப் பொறுக்குமா? ஒரு கையால் தோசை வார்த்துக்கொண்டே மறுகையால் மடமடவென்று எழுதினாள்.

"வாயாடி நாயகன் முதல் பக்கத்திலேயே உன்னைக் காதலிக்கிறேன் என்று கத்திவிடுவான். அப்புறம் அவனிடம் என்ன மிச்சம்? கூச்சக்காரன் ரப்பர் இருக்கா என்று கேட்கவே மூன்று அத்தியாயம் எடுப்பான். கேட்டுவிட்டான் என்றால் நாம் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவோம். அவன் மனசில் இருப்பது வகுப்பில் யாருக்கும் தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். தலைக்கு மேலே வட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறார்களே. வாய் சும்மா இருப்பதால் அவன் கண் எல்லாவற்றையும் பார்க்கும். யாருக்கு ஜுரம், யார் குடை கிழிந்திருக்கிறது, யார் சாப்பாடு கொண்டுவரவில்லை, அவனுக்குத்தான் தெரியும். பயமே இல்லாதவன் பேசுவதில் என்னடி இருக்கிறது? உயிர் போகிற பயத்தோடு ஒருத்தன் ஒரு வார்த்தை பேசுகிறானே, அதைப் பார்க்கத்தான் நான் படிக்கிறேன்."

குழுவே கைதட்டியது. லலிதா பூரித்துப்போய் நிமிர்ந்து பார்த்தபோது, தண்டபாணி தோசையைத் தின்றுவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். பிறகு அவள் சாப்பிட உட்கார்ந்தாள். சட்னியில் ஒரு கல் உப்பு இல்லை. அவ்வளவு தோசையையும் அதைத் தொட்டுக்கொண்டே முழுங்கியிருக்கிறான், மகராசன்!

சாயங்காலம் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, உப்பில்லன்னு சொல்லக்கூடாதா? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"ஹவ்" என்றான் அவன். ஹைதராபாத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு 'ஆமாம்' என்பதற்கு அதுதான் வரும். ஆனால் எதற்கு ஆமாம்? உப்பில்லை என்பதற்கா, கொழுக்கட்டைக்கா? அவளுக்கு எரிச்சலில் சிரிப்பு வந்துவிட்டது. படக்கதைப் பையனுக்காவது தலைக்கு மேலே வட்டம் இருக்கிறது. இவன் தலைக்கு மேலே ஃபேன்தான் சுற்றியது.

உப்பை அவள் மன்னித்துவிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிடாமல் இருமி இருமியே கூப்பிடுவதையும் மன்னித்தாள். மார்க்கெட்டில் நடந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நவராத்திரி தொடங்கிய சமயம். மெட்டுகுடா மார்க்கெட்டில் இரண்டு பேரும் பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். தண்டபாணியோடு படித்த ஒருவன் எதிரே வந்து தோளில் தட்டினான். லலிதாவைப் பார்த்தான். "எவரு ரா?" என்றான். யாருடா இது என்று கேட்கிறான், அவ்வளவுதான். தண்டபாணிக்குக் காது சிவந்தது. பேச்சு வரவில்லை. வந்தவன் எவ்வளவு நேரம் காத்திருப்பான், பாவம். "செல்லெலா?" என்று அவனாகவே கேட்டான். தங்கையா என்று அர்த்தம். தண்டபாணி அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான். அவன் லலிதாவைப் பார்த்து, "நல்லா இரும்மா தங்கச்சி" என்கிற பாவனையில் கும்பிட்டுவிட்டுப் போயே போய்விட்டான்.

லலிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு நான் யாருன்னு சொல்ல வாய் வரல இல்ல? சரி. இனிமே எனக்கும் வராது."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். வேலைக்குப் போகும்போது டிபன் பாக்ஸ் மேஜையில் இருக்கும், பேச்சு இருக்காது. சாயங்காலம் டீ இருக்கும், பேச்சு இருக்காது. தண்டபாணி அடுப்படி வாசலில் வந்து நிற்பான். வாய் திறக்கும், மூடும். ரேடியோவைப் போடுவான், அணைப்பான். அவளுக்கு நெஞ்சு இளகினாலும் வீம்பு விடவில்லை.

பக்கத்து வீட்டு ராஜத்திடம் மட்டும் கொட்டினாள். "இவரு இப்பிடியே இருந்தாருன்னா நான் தலைதீபாவளிக்குத் தனியாதான் போவேங்கா. போனா வரமாட்டேன்."

ராஜத்தின் வீட்டுக்காரரும் வீல் ஷாப்தான். தலைதீபாவளிக்குப் பெண் தனியாக வந்து இறங்கினால் ஊர் என்ன பேசும் என்பது அவளுக்குத் தெரியாததா? "ஆயுதபூஜை வரைக்கும் பொறும்மா. அன்னிக்கு ஃபேமிலி எல்லாரையும் உள்ள விடுவாங்க. வீல் ஷாப்ல ஒரு வழக்கம் இருக்குது. அந்த வருஷம் கல்யாணம் ஆனவங்க பெண்டாட்டிய மேடையில ஏத்தி, மைக்ல பேர் சொல்லி, ரெண்டு வார்த்தை பேசணும். எங்க வீட்டுக்காரரு பாட்டே பாடினாரு, நான் ஓடிப் போயிரலாம்னு பாத்தேன்."

"இவரா பேசுவாரு?"

"பேசமாட்டான். லீவு போட்டுடுவான்" என்றாள் ராஜம், ஒளிவுமறைவில்லாமல்.

லலிதாவும் அதையேதான் நினைத்தாள். லீவு போட்டால் பெட்டியைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகு வந்த அழுகையை யாருக்கும் காட்டவில்லை.

ஆயுதபூஜை காலையில் லலிதா கண்விழித்தபோது தண்டபாணி குளித்து, கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். இருமினான். அவள் புடவை மாற்றிக்கொண்டு பேசாமல் அவனோடு நடந்தாள்.

ஒர்க்‌ஷாப்புக்குள் காலை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாடி! கூரை எங்கேயோ இருந்தது. அத்தனை பெரிய கொட்டகையில் சக்கரங்கள், வரிசை வரிசையாகச் சக்கரங்கள், ஒவ்வொன்றும் அவள் இடுப்புக்கு மேலே உயரம். எல்லாவற்றுக்கும் குங்குமம். கிரேனுக்கு மாவிலைத் தோரணம். கடைசல் மெஷின்களுக்கு வாழைக்கன்றும் சாமந்தி மாலையும். ஷாப்பின் பெரிய இஞ்சினியர் முகமது யூசுப், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டூல் மேல் ஏறி மாலை கோணலாக இருக்கிறதென்று தானே சரிசெய்துகொண்டிருந்தார். இந்த இடத்திலிருந்தா இந்த மனுஷன் தினமும் டிபன் பாக்ஸோடு சத்தமில்லாமல் திரும்பி வருகிறான் என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

பூஜை ஆயிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரிகடலை கை மாறியது. யூசுப் மைக்கைத் தட்டினார். "இஸ் சால் கா நயா தூல்ஹா, தண்டபாணி!" என்று அறிவித்தார். இந்த வருஷத்துப் புதுமாப்பிள்ளையாம். கொட்டகையே கொல்லென்று சிரித்தது. அவனைப் பேச வைக்க முடியுமா என்று அங்கே எல்லாருக்கும் வேடிக்கை. தண்டபாணி கையை ஆட்டி மறுத்தான். "நக்கோ நை சலேகா மியா!" என்றார் யூசுப். வேண்டாம் கிண்டாம் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது.

இரண்டு பேரையும் மேடையில் ஏற்றினார்கள். மைக் அவன் கைக்கு வந்தது.

லலிதா அவனைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். கூட்டத்துக்குத் தெரியாதது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. மைக் பிடித்த கை உதறியது. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வேட்டைக்காரர் நடுவில் மாட்டிக்கொண்டவன்போல் கண் அலைந்தது. "செப்பு அன்னா, செப்பு!" என்று, சொல்லச் சொல்லிப் பின்னாலிருந்து விசில் பறந்தது. ஐயோ, விட்டுவிடுங்களேன் இவரை என்று அவளுக்கே தோன்றிவிட்டது. பெட்டி கட்டும் யோசனையெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இவ..." என்றான் தண்டபாணி. ஸ்பீக்கர் அதைக் கூரை வரைக்கும் கொண்டுபோனது. தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டான். ஆனால் இறங்கவில்லை. "இவ லலிதா."

கூட்டம் சிரிப்பை நிறுத்தியது.

"ஒரு வாரமா எங்கூட பேசல. தப்பு எம்மேலதான். மார்க்கெட்ல சொல்லியிருக்கணும், சொல்லல." மூச்சு வாங்கினான். "சாயங்காலம் மெஷின் நிறுத்தினதும் எல்லாரும் டீக்குப் போவாங்க. நான் போமாட்டேன். நேரா வூட்டுக்குப் போவேன். இவ பேசறத கேக்கதான். எனக்கு பேச வராது. ஆனா கேப்பேன். இவ அக்கா பையன் பேரு, குழாய்ல தண்ணி வராத நாளு, அந்தப் படக்கதையில வர்ற பையன், எல்லாம் ஞாபகம் இருக்கு. இப்ப வூட்டுக்குப் போனாலும் காதுல மெஷின் சத்தம்தான் இருக்குது." நிறுத்தினான். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னான். "லலிதா, பேசு."

அவ்வளவும் தமிழில் சொல்லிவிட்டான்! அவனுக்கு எதிரில் இருந்த கூட்டம் முக்கால்வாசி தெலுங்கு, மீதி உருது. மனுஷன் மனசு திறந்து பேசினது ஷாப்பில் ராஜத்துக்கும் அவள் வீட்டுக்காரருக்கும்தான் புரிந்தது. ராஜம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் தவித்துப்போனார்கள். "க்யா போலா, க்யா போலா?" என்ன சொன்னான் என்று யூசுப் பரபரத்தார். பதில் தெரிந்தவள் பக்கத்தில்தானே நிற்கிறாள் என்று மைக்கைப் பிடுங்கி லலிதாவிடம் நீட்டினார்.

லலிதாவா? தண்ணீர்க் குழாயோடு பேசுகிற லலிதாவா? அவளுக்கென்ன கஷ்டம், வந்த நாளிலிருந்து கற்றுக்கொண்ட தெலுங்கில் கடகடவென்று சொல்லிவிடுவாள் என்றுதான் ராஜமும் நினைத்தாள், லலிதாவும் நினைத்தாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

எதிரே அத்தனை முகங்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. காது சுட்டது. வார்த்தைகள் எல்லாம் நெஞ்சில் முட்டி மோதிக்கொண்டு நிற்கின்றன, ஒன்றாவது வெளியே வர வேண்டுமே! கடவுளே, இப்படியா இருக்கும் இது? இந்த மனுஷன் பள்ளிக்கூடத்திலும் பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் தினம் தினம் நின்றது இந்த இடத்திலேயா? இங்கே நின்றுகொண்டா இத்தனை நேரம் பேசினான்? அவளுக்குப் புல்லரித்தது. வாழ்க்கையில் இப்படி ஒரு தைரியசாலியை அவள் பார்த்ததே இல்லை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. யாரோ சிரித்தார்கள்.

அப்போது அவள் கையிலிருந்து மைக்கை யாரோ மெல்ல எடுத்தார்கள். யூசுப் இல்லை. தண்டபாணி.

யாரும் கேட்கவில்லை, யாரும் தள்ளவில்லை. அவளை ஒரு அடி தனக்குப் பின்னால் விட்டு முன்னால் நின்றான். தெலுங்கில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னான்: "நா பார்யா. லலிதா." என் மனைவி, லலிதா. பிறகு, தமிழில் சொன்ன அத்தனையையும், மார்க்கெட்டில் வாய் வராமல் நின்றதிலிருந்து ஒரு வரி விடாமல் தெலுங்கில் திரும்பச் சொன்னான். கை இன்னும் உதறிக்கொண்டுதான் இருந்தது. கொட்டகை இடிந்துவிடும்போல் கைதட்டினார்கள். யூசுப் அவனைக் கட்டிப் பிடித்து மைக்கையே கீழே போட்டுவிட்டார்.

மேடையை விட்டு இறங்கியதும் லலிதா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு, குரல் கம்மிப்போய் வந்தது.

"எப்பிடிங்க முடிஞ்சுது? ஒரு தடவ சொன்னதே பெரிசு. மறுபடியும் எப்பிடிங்க?"

தண்டபாணி வழக்கம்போல் தரையைப் பார்த்தான். காது சிவந்தது. லலிதா அவசரப்படுத்தவில்லை. வரட்டும் என்று காத்திருந்தாள்.

"நீ அங்க மாட்டிக்கினியே" என்றான். "உன்ன எப்பிடி அங்க தனியா வுடறது?"